அம்மாவின் பெயரில் இருபத்தொன்பது கிலோ

என் சித்திக்கு அவள் வேலை பார்த்த இடத்தில் ஜாக்கி என்று பெயர். லாரிக்கு டயர் மாற்றும்போது அடியில் கொடுத்துத் தூக்குவார்களே, அந்த ஜாக்கி. ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தாள். நனைந்த படுக்கை விரிப்பு என்ன கனம் கனக்கும் என்பது கையால் துவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு மெஷினில் அறுபது விரிப்பு, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக நின்று இழுப்பதை சித்தி தனியாக, ஒரு காலை மெஷினின் விளிம்பில் ஊன்றி, ஒரே இழுப்பில் தள்ளுவண்டிக்குக் கொண்டுவந்துவிடுவாள். இழுத்தோமா போனோமா என்று இருக்க மாட்டாள். "இதுக்குப் போய் ரெண்டு ஆளா?" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுத்தான் நகர்வாள். அதனால் அங்கே அவளைப் பிடிக்காதவர்களும் நிறைய உண்டு.

ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம் கழிந்தும் அந்தக் கை அப்படியே இருந்தது. எழுபத்து மூன்று வயதில், லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு, இரண்டு கையிலும் பையோடு, கைப்பிடியைத் தொடாமல் ஏறுவாள். கட்டடத்தில் யார் வீட்டில் பாட்டில் மூடி திறக்கவில்லை என்றாலும் அந்தப் பாட்டில் மூன்றாவது மாடிக்குப் போகும், திறந்து திரும்பி வரும்.

அந்தக் கைதான் என் அம்மாவைக் கொன்றது என்று சித்தி சொல்கிறாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு வாயும் கிடையாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அம்மாவும் சித்தியும் இரட்டைப் பிள்ளைகள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம், ஒரே நெற்றி, இடது காதுக்குக் கீழே ஒரே இடத்தில் மச்சம். அம்மா பன்னிரண்டு நிமிஷம் முந்தி வந்தவள். "பன்னண்டு நிமிஷம் முன்னாடி வந்துட்டு ஆயுசு முழுக்க அக்காவாம்" என்று சித்தி முனகுவாள். ஆனால் ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடத் தவறியதில்லை.

சின்ன வயசில் இடம் மாறிக்கொள்வது அவர்களுக்குக் கைவந்த கலை. அம்மா கணக்கில் புலி. சித்திக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல். ஒரு வருஷம் சித்தியின் இடத்தில் உட்கார்ந்து அம்மாவே பரீட்சை எழுதினாள். நூற்றுக்கு நாற்பத்திரண்டு வாங்கினாள். அதற்கு மேல் போனால் வாத்தியார் நம்ப மாட்டார் என்று, தெரிந்த விடைகளையே தப்பாக எழுதிவிட்டு வந்தாளாம். பதிலுக்கு சித்தி, அம்மாவின் பெயரில் ஓட்டப் பந்தயம் ஓடினாள். சும்மா ஓடினால் போதாதா? மற்ற பிள்ளைகளைப் பாதித் தூரத்தில் விட்டுவிட்டு ஜெயித்தாள். பள்ளிக்கூடம் மூக்கில் விரல் வைத்தது. அம்மாவைப் பெரிய போட்டிக்கு அனுப்புவதாக முடிவு செய்தார்கள். பாவம் அம்மா, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு மாதம் நொண்டி நொண்டி நடந்தாள். எல்லாவற்றிலும் அளவு தெரிந்தவள் அம்மா. சித்திக்கு அது மட்டும் வரவே வராது.

பன்னிரண்டு வயதில் இருவருக்கும் தொண்டை வலி வந்தது. சித்திக்கு மூன்று நாளில் போய்விட்டது. அம்மாவுக்கு அது மூட்டுக் காய்ச்சலாக மாறி ஆறு வாரம் படுக்கையில் போட்டது. அப்போதே அது நெஞ்சுக்குள் ஒரு வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. வெளியில் தெரிய ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அம்மா ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பத்து மூன்று வருஷம் ஒரே ஸ்டூல், ஒரே சின்ன ஜன்னல். ஓடாதே, தூக்காதே என்று காய்ச்சல் காலத்தில் டாக்டர் சொன்னதை வீடே வேதவாக்காக எடுத்துக்கொண்டதால் அம்மா எதையும் தூக்கியதில்லை. பை, பக்கெட், பிறந்த குழந்தையான என்னைக்கூட, எல்லாம் சித்திதான் தூக்கினாள்.

எழுபது தாண்டியதும் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் தெருமுனை வரை நடந்தால் வாங்கியது. பிறகு சமையலறை வரை நடந்தாலே வாங்கியது. கடைசி இரண்டு வருஷம் படுத்தால் மூச்சு அடைத்தது என்று, ஹாலில் இருந்த பச்சை நிற சாய்வு நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினாள். நானும் அவளும் தரைத்தளத்தில் இருந்தோம். காலையில் நான் எழுந்து வரும்போது கழுத்து ஒரு பக்கம் தொங்க, வாய் திறந்தபடி இருப்பாள். ஒவ்வொரு தடவையும் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலை நீட்டி மல்லாக்கப் படுத்துத் தூங்கணும்டி."

வால்வை மாற்றலாம் என்றார்கள். ஆனால் நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும்.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் அவசரப்படாத மனிதர். அம்மாவிடம் நேராகவே பேசினார்.

"உங்க அம்மா எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க?"

"தொண்ணூத்தொண்ணு. கடைசி வாரம் வரைக்கும் நடமாட்டம் இருந்துச்சு" என்றாள் அம்மா.

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தங்கச்சி. அவளுக்கென்ன, கல்லுகுண்டு மாதிரி இருக்கா."

இரட்டை என்று அம்மா சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சித்தி அன்று வரவில்லை. ஆஸ்பத்திரி என்றால் அவளுக்கு அடித்தளம்தான், மேலே ஏறினாலே முகம் சுருங்கும்.

"நல்ல வம்சம்தான்" என்றார் டாக்டர். "ஆனா வயசான காலத்துத் தெம்பு வம்சத்தை மட்டும் பார்த்து வர்றதில்லைம்மா. பொறப்புல வர்றது ஒரு பங்கு. மீதி, பட்ட நோய், பார்த்த வேலை, சாப்பிட்ட சாப்பாடு எல்லாம் சேர்ந்து வர்றது. எனக்கு வயசு முக்கியமில்லை. நெஞ்சைத் திறந்தா அதைத் தாங்கி எழுந்திருக்கிற பலம் உடம்புல இருக்கான்னு பார்க்கணும். இல்லைன்னா நான் வால்வைக் காப்பாத்திட்டு உங்களை விட்டுடுவேன்."

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

"மருந்துல ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஓட்டலாம். இப்படியே உட்கார்ந்துகிட்டு."

பலம் பார்க்கிற அறை அதே தளத்தில் இருந்தது. அங்கே இருந்த பிசியோ முப்பது வயதுப் பெண், சிரித்த முகம், ஸ்டாப் வாட்ச்சைக் கழுத்தில் மாட்டியிருப்பாள். மூன்று சோதனைகள். முதலில் பிடித்து இறுக்குகிற ஒரு கருவி. எத்தனை கிலோ பலத்தில் இறுக்குகிறோம் என்று முள் காட்டும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். பதினொன்று. பிறகு தரையில் ஒட்டியிருந்த இரண்டு மஞ்சள் டேப்புகளுக்கு நடுவே நான்கு மீட்டர் நடக்க வேண்டும். ஒன்பது வினாடி ஆனது. கடைசியாக, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். அம்மா ஒரு தடவை எழுந்தாள். இரண்டாவது தடவை பாதியில் நின்று, என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிசியோ கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஒண்ணும் ஆகலைம்மா. ஆறு வாரம் டைம் தர்றேன். முட்டை, பால்னு நல்லா சாப்பிடுங்க. தினமும் நடங்க, எழுந்து உட்காருங்க. மறுபடி வாங்க, பார்ப்போம்."

விஷயத்தைக் கேட்டதும் சித்தி மூன்று மாடியும் தடதடவென்று இறங்கி வந்தாள். "பங்காம், வம்சமாம்! அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? நாங்க ரெண்டு பேரும் ஒரே தானில, ஒரே துணிச்சுருள்ல வெட்டின துணி. ஒண்ணு தாங்குதுன்னா இன்னொண்ணும் தாங்கும். ஆறு வாரத்துல இவளை நான் ஓட வைக்கிறேனா இல்லையா பாரு."

அந்த ஆறு வாரம் எங்கள் வீடு ராணுவ முகாம். காலை ஏழு மணிக்கு சித்தி கதவைத் தட்டுவாள். அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்புவாள், உட்கார வைப்பாள், மறுபடி எழுப்புவாள். துணியைச் சுருட்டிக் கையில் கொடுத்து முறுக்கச் சொல்வாள். அவித்த முட்டையை உரித்து வாயருகே நீட்டிக்கொண்டு காவல் நிற்பாள். அம்மாவுக்கு ஒரு முட்டையே மலை. தின்ன முடியாமல் எனக்குக் கண் ஜாடை காட்டுவாள். சித்தி திரும்பும் நேரத்தில் அது என் வாய்க்குள் போகும். ஆறு வாரத்தில் நான்தான் இரண்டு கிலோ ஏறினேன்.

"எனக்கு முடியுதே, உனக்கு ஏன் முடியாது? மனசு வைக்க மாட்டேங்கறே, அவ்வளவுதான்" என்று சித்தி ஒரு நாள் கத்தினாள்.

அம்மா மூச்சு வாங்கி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள், "நீ என் உடம்புக்குள்ள ஒரு நாள் இருந்து பாரேன்டி."

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. சித்தி கையில் இருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அடுத்த சோதனைக்கு நான் போறேன்" என்றாள்.

நான் முதலில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சோதனையில் தோற்றால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லையென்றால் அக்கா அந்தப் பச்சை நாற்காலியிலேயே சாவாள். ஜெயித்துவிட்டால் டாக்டர் வால்வை மாற்றுவார், அப்புறம் மூச்சு வரும், மூச்சு வந்தால் பலம் தானாக வரும். ஒரே துணிதானே? இதுதான் அவள் கணக்கு. கணக்கில் அவள் எப்போதும் மட்டம் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. காலையில் எழுந்து வந்து அந்தத் தொங்கின கழுத்தைப் பார்த்துப் பார்த்து என் புத்தி மழுங்கிப் போயிருந்தது.

அம்மா வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பச்சை நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓட்டப் பந்தயம் மாதிரி பண்ணிடாதே. சுமாரா பண்ணு. பாஸ் பண்ற அளவுக்கு மட்டும்" என்றாள். காலை நீட்டிப் படுக்கும் ஆசை அவளையும் விட்டுவைக்கவில்லை.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பிரேமில் பொருத்துகிற வேலை செய்கிறேன். அம்மாவுக்குத் தடித்த கண்ணாடி. சித்திக்குக் கண் இன்றும் பளிச். அம்மாவின் கண்ணாடியைப் போட்டால் சித்தி மஞ்சள் டேப்பில் தடுக்கி விழுவாள். கண்ணாடி இல்லாமல் போனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அம்மாவின் பிரேமைப் போலவே இன்னொன்று எடுத்து, பவர் இல்லாத லென்ஸை என் கையால் வெட்டி, ஓரம் தேய்த்து, அதில் பொருத்தினேன். ஓரத்தைத் தடிமனாகக் காட்ட ஒரு தந்திரம் உண்டு, அதையும் செய்தேன். இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக நான் செய்த வேலை வேறு இல்லை. இப்போது தெரிந்திருக்கும், சித்தியைக் குற்றம் சொல்ல எனக்கு ஏன் வாய் இல்லை என்று.

அந்த நாள் சித்தி அம்மாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரையும் மேலே ஒரு சால்வையையும் சுற்றிக்கொண்டாள். கூன் போட்டு நடக்கச் சொல்லிக் கொடுத்தேன். பிசியோவின் அறை வரை நன்றாகத்தான் நடித்தாள். அம்மாவை விட முகம் பூரித்திருந்தது. ஒரு நாளைக்கு இருபது கிழவிகளைப் பார்க்கிற பெண்ணுக்கு அது ஆறு வார முட்டையின் பலன் என்று பட்டது. "அட, முகத்துல களை வந்திருக்கே!" என்றாள்.

கருவியைக் கையில் கொடுத்தாள். நான் சித்தியின் காதருகே, "சுமாரா" என்றேன்.

ஆனால் கையில் ஒன்றைக் கொடுத்து இழு, இறுக்கு என்று யாராவது சொன்னால் சித்தியால் சுமாராகச் செய்ய முடியாது. முள் விர்ரென்று ஏறியதை நான் பார்த்தேன். பிசியோ குனிந்து பார்த்தாள். மறுபடி இறுக்கச் சொன்னாள். இருபத்தொன்பது. நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்தது பத்து வினாடி கூட ஆகவில்லை. மஞ்சள் டேப்பைத் தாண்டிக் கதவு வரை போய்விட்டாள்.

பிசியோ கை தட்டினாள். நிஜமாகவே கை தட்டினாள். பக்கத்து அறையில் இருந்த இன்னொரு கிழவரைக் கூப்பிட்டு, "பாருங்க தாத்தா, இவங்க ஆறு வாரத்துக்கு முன்னாடி ஒரு தடவை கூட ஒழுங்கா எழுந்திருக்க முடியாதவங்க. மனசு வெச்சா முடியும்" என்றாள். அம்மாவின் பெயருக்கு நேரே இருபத்தொன்பது என்று எழுதினாள். கீழே இரண்டு தடவை கோடும் போட்டாள்.

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். சித்தி சால்வையைக் கழற்றி மடித்துக்கொண்டே, "கைக்கு எப்படிடி பொய் சொல்லத் தெரியும்?" என்றாள். அவள் முகத்தில் சின்னதாக ஒரு பெருமையும் இருந்தது. அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வருகின்றன.

பத்து நாளில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். படுக்கையில் போர்த்திக்கொண்டு கிடந்தால் எல்லாக் கிழவிகளும் ஒன்று போலத்தான் தெரிவார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் மட்டும் அம்மாவின் கையைத் தூக்கிப் பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். என்னிடம், "இந்த நம்பர் இவங்களோடதுதானே?" என்று கேட்டார்.

பதில் சொல்ல எனக்கு முழுசாக ஒரு நிமிஷம் கிடைத்தது. அம்மா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "ஆமா டாக்டர்" என்றேன்.

வால்வு நன்றாகப் பொருந்தியது. டாக்டரே வெளியே வந்து சொன்னார். சித்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இரண்டு நாள் வலித்தது. ஆனால் வாயில் விட்ட மூச்சுக் குழாயை எடுக்க முடியவில்லை. எடுத்தால் அம்மாவால் தானாக மூச்சு இழுக்க முடியவில்லை. இன்று எடுக்கலாம், நாளை எடுக்கலாம் என்று நாள் போனது. நெஞ்சில் சளி கட்டியது. இருமித் துப்பக்கூட பலம் வேண்டும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பத்தொன்பது நாள் அம்மா கண்ணை விழித்தும் விழிக்காமலும் கிடந்தாள். காலை நீட்டி, மல்லாக்க. அவள் ஆசைப்பட்டதைப் போலவே.

சித்தி தினமும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "என் கையை இறுக்குக்கா. இறுக்கு பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள், பத்தாவது நாளோ என்னமோ, அம்மாவின் விரல் லேசாக மடங்கியது. சித்தி அதை வார்டு முழுக்கப் போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு மடங்கவில்லை.

"வால்வு கடைசி வரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்சுது" என்றார் டாக்டர். "உடம்புதான் கூட வரலை. ஏன்னு எனக்குப் புரியலை. அந்த நம்பருக்கு இவங்க எழுந்திருக்கணும்." அவர் குழம்பிப் போய்த்தான் சொன்னார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

சாவுக்குப் பிறகு சித்தி கீழே இறங்குவதை நிறுத்தினாள். நான் மேலே போனால் கதவைத் திறப்பாள், பேச மாட்டாள். சாப்பாடு கொண்டுபோனால் பாதிக்கு மேல் திரும்பி வரும். பாட்டில் மூடிகள் யாருக்கும் திறந்து கிடைக்கவில்லை. ஒரு நாள் அவள் வீட்டில் தையல் பெட்டிக்குப் பக்கத்தில் நான் செய்த அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். எடுத்து வந்து உடைத்துப் போடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அம்மாவின் பேப்பர்களை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடைபாதையில் பிசியோ என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்றோ. கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சும் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று என் கையைப் பிடித்தாள். "அந்தக் கருவியைச் சோதனைக்கு அனுப்பினேன். சரியாத்தான் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்போ நான்தான் தப்பா பார்த்திருக்கேன். ரெண்டு தடவை பார்த்தேன், ஆனாலும் தப்பு பண்ணியிருக்கேன். உங்க அம்மாவை நான்தான் ஆபரேஷனுக்கு அனுப்பி வெச்சேன். இப்போல்லாம் யாருக்கு நம்பர் எழுதினாலும் அடிச்சு அடிச்சு எழுதறேன். இந்த வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

நான் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்லவில்லை. அதுதான் என் இரண்டாவது "ஆமா டாக்டர்". வீட்டுக்கு வந்து, மூன்று மாடி ஏறி, சித்தியிடம் கொட்டிவிட்டேன்.

பிறகு தன் கையை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் முதல் முறையாக நீளமாகப் பேசினாள். "ஒரே தானில வெட்டின துணிதான். ஆனா ஒண்ணு அலமாரியில இருந்திருக்கும், ஒண்ணு தினம் கொதிக்கிற தண்ணியில வெந்திருக்கும். அக்கா பன்னண்டு வயசுலயே காய்ச்சல்ல வெந்தவ. வெந்ததை வேகமா இழுத்தா கிழிஞ்சிடும். முப்பத்தெட்டு வருஷம் இழுத்து மடிச்சவ நான். இது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் இழுத்தேனே!"

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள். கையில் அந்தக் கண்ணாடி. "கிளம்பு" என்றாள். மாடிப்படியின் கைப்பிடியை அவள் இன்னும் விடவில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

பிசியோ எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். சித்தியின் முகத்தைப் பார்த்து அவளுக்கு ரத்தம் சுண்டிப்போயிற்று. செத்தவள் நடந்து வந்தால் யாருக்குத்தான் சுண்டாது.

"நான் அவ தங்கச்சி. ரெட்டை" என்றாள் சித்தி. "நீ தப்பு பண்ணலைம்மா. அன்னிக்கு உன் எதிர்ல உட்கார்ந்தது நான்தான். அந்த இருபத்தொன்பது என் கை. நீ வேலையை விடக் கூடாது."

பிசியோ அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சித்தியை மெல்லப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "அம்மா, எனக்காக இப்படிச் சொல்றீங்கன்னு புரியுது. வேண்டாம்மா."

"நம்பலையா? எடு அந்தக் கருவியை."

சித்தி கருவியை வாங்கினாள். ஒரு காலை முன்னால் ஊன்றிக்கொண்டாள். நான் அந்தக் கையையே பார்த்தேன். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, முழு மூச்சையும் பிடித்து இறுக்கினாள். முள் மெதுவாக ஏறி நின்றது. பதினைந்து.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். கருவியைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி இறுக்கினாள். பதினான்கு.

"இது இல்ல. இது என் கை இல்ல" என்றாள் சித்தி. அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. "இருடி, இன்னொரு தடவை, இன்னும் ஒரே தடவை..."

பிசியோ கருவியை அவள் கையிலிருந்து எடுக்கப் போனாள். அவள் கண்ணில் இருந்தது இரக்கம். நம்பிக்கை இல்லை. நான் இப்போதும் பேசாமல் இருந்தால் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கத் தன்னையே நொந்துகொண்டிருப்பாள், சித்தி இருபத்தொன்பதைத் தேடி இறுக்கிக்கொண்டே இருப்பாள்.

"அவங்க சொல்றது நிஜம்" என்றேன். சித்தியின் மடியில் கிடந்த கண்ணாடியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "போட்டுப் பாருங்க. பவர் கிடையாது. நான் வெட்டினது. மயக்க டாக்டர் கேட்டப்போ பொய் சொன்னதும் நான்தான்."

பிசியோ கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தெரிந்தது எதுவும் அவளுக்கு மாறித் தெரிந்திருக்காது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சித்திக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பெரிய டாக்டரிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்றாள். சொல்லுங்கள் என்றோம்.

சித்தி தண்ணீரைக் குடித்துவிட்டு மேஜையில் கிடந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு ரொம்பக் கம்மிம்மா" என்றாள் பிசியோ கடைசியில். "நீங்க சரியா சாப்பிடறதில்லை. இப்படியே விட்டா இன்னும் இறங்கும். நான் எழுதிக்கறேன்." பழக்கத்தில் ஒரு தாளை இழுத்து, பேனாவைத் திறந்து, மேலே இருந்த காலி இடத்தில் வைத்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். ஒரு முகத்துக்கு இரண்டு தடவை ஏமாற அவளுக்கு மனசு வரவில்லை.

"யார் பேர் எழுதணும்?"

"என் பேர்" என்றாள் சித்தி. "இந்தத் தடவை என் பேரையே எழுதும்மா."